மேஜிக் ரகசியத்தைச் சொல்லலாமா? யாரிடம், எப்போது, எந்த அளவுக்கு

கேள்வி இதுதான்: மேடையில் மேஜிக் செய்பவர்கள், அந்த வித்தை எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்பவர்களிடம் சொல்லிவிடலாமா, கூடாதா?

டிக்கெட் வாங்கி ஏமாற வந்து உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஏமாறுகிறோம் என்பதே தெரியாமல் ஏமாறிக்கொண்டிருப்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இந்த இரண்டு எல்லைகளில் பெரிய தகராறு இல்லை. தகராறெல்லாம் நடுவில் கிடக்கும் நிலத்தைப் பற்றித்தான். அங்கே முடிவெடுக்க இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும். ரகசியம் கையில் இருக்கிறதா, பெட்டியில் இருக்கிறதா? சொன்னால் யார் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் யார் பணம் போகும்?

முதலில் கை. ‘செப்பிடுவித்தை’ என்ற சொல் இன்று பித்தலாட்டம் என்ற பொருளில்தான் பேச்சில் வருகிறது. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட வித்தையின் பெயர். செப்பு என்றால் சிறு கிண்ணம். மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, உருண்டைகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வைப்பது. உலகின் மிகப் பழைய கைவித்தைகளில் ஒன்று. நம் தெருவில் மோடிவித்தைக்காரர்கள் செய்யும் வடிவத்தில் கிண்ணங்கள் ஆழம் குறைந்தவை, மரத்தால் ஆனவை, தலையில் ஒரு குமிழ் இருக்கும். வித்தைக்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து செய்வார்.

இதன் ரகசியத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கூட்டத்துக்குத் தெரிவது மூன்று உருண்டை, உண்மையில் இருப்பது நான்கு. நான்காவது, நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் மடங்கிக் கிடக்கும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே குமிழைப் பிடித்துக் கிண்ணத்தைத் தூக்கி, மறுபடி கவிழ்க்கும் அந்த ஒரு நொடியில் உருண்டை விளிம்புக்கு அடியில் நழுவி உள்ளே போய்விடும். அப்புறம் வெளியே இருக்கும் ஓர் உருண்டையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுவதுபோல் பாவனை. உருண்டை வலது கையிலேயே தங்கிவிடும். இடது கையை மூடி, ஊதி, திறந்தால் ஒன்றுமில்லை. கிண்ணத்தைத் தூக்கினால் அது அங்கே இருக்கிறது! ஆக, வலது கையில் மறுபடியும் ஒரு உபரி உருண்டை. வித்தைக்காரர் எப்போதும் கூட்டத்தைவிட ஒரு படி முன்னால் போய்க்கொண்டே இருப்பார். கடைசியில் கிண்ணத்துக்குள் எலுமிச்சம்பழமோ கோழிக்குஞ்சோ வந்து நிற்கும். கூட்டம் வாயைப் பிளந்து சின்ன உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்துப் பையிலிருந்தோ மடியிலிருந்தோ அது ஏற்றப்பட்டிருக்கும்.

இப்போது உங்களுக்கு ரகசியம் தெரியும். செய்து பாருங்கள். கோலிக்குண்டை வைத்துத் தொடங்கினால் கிண்ணத்தில் பட்டு ‘டக்’ என்று சத்தம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். துணியைச் சுருட்டித் தைத்த, 2 செ.மீ. அளவு உருண்டைதான் சரி. உருண்டையை ஒளித்த கையை நீங்களே ஒருமுறை பார்ப்பீர்கள், கூட்டமும் அங்கேதான் பார்க்கும். ஒளித்த கையின் விரல்கள் விறைத்து நிற்கும். இடது கையை அவசரமாகத் திறந்துவிடுவீர்கள். உருண்டை அங்கே இருப்பதாக ஒரு கணம் நீங்களே நம்பாவிட்டால் எதிரில் இருப்பவர் நம்பமாட்டார். இதெல்லாம் சரியாக மாதக்கணக்கில் ஆகும். அமெரிக்காவின் பென், டெல்லர் என்ற மேஜிக் ஜோடி இதே வித்தையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கிளாஸ்களில் செய்துகாட்டினார்கள். எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது, ஆனாலும் கண் பின்தங்கிவிடுகிறது. ரகசியத்தைக் காட்டியதே அங்கே பெரிய வித்தையாகிவிட்டது.

கையில் இருக்கும் வித்தையைச் சொன்னால் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது. வீணை வாசிப்பது எப்படி என்று எழுதிவிட்டதால் கச்சேரிக்குக் கூட்டம் குறையாதது போலத்தான். 2005-இல் குஸ்தவ் கூன், பென் டாட்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சிகரெட் மறையும் ஒரு வித்தையைக் காட்டிப் பார்ப்பவர்களின் கண் அசைவை அளந்தார்கள். அந்த வித்தையில் சிகரெட் எந்த மறைப்பும் இல்லாமல் மடியில் விழுகிறது. முதல் தடவை பெரும்பாலோர் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை ஏறக்குறைய எல்லோரும் பிடித்துவிட்டார்கள். ‘ஒரே கூட்டத்துக்கு ஒரே வித்தையை இரண்டு முறை காட்டாதே’ என்ற தொழில் விதி ரகசியம் காக்கும் விதியைவிட முக்கியமானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்கும் வசதியுள்ள வீடியோவில் கைவித்தையைப் போடுபவர், சொல்லாமலே ரகசியத்தைச் சொல்லிவிடுகிறார்.

பெட்டியில் இருக்கும் வித்தையின் கதை வேறு. 1921 ஜனவரியில் லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அரங்கில் பி. டி. செல்பிட் ஒரு பெண்ணைப் பெட்டியில் அடைத்து ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். அதே ஆண்டு அமெரிக்காவில் ஹொரேஸ் கோல்டின், தலையும் காலும் வெளியே தெரியும் வடிவத்தைக் கொண்டுவந்தார். இங்கே வித்தையின் முக்கால் பங்கு தச்சு வேலை. பெட்டியின் நீள அகலத்தை எப்படி வெளியே சிறிதாகக் காட்டி உள்ளே இடம் வைப்பது என்பதில்தான் எல்லாம். அதைச் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் கூட்டம் பெட்டியைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. செய்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இழந்ததை மீட்க முடியாது. ஆகவே அந்தப் பெட்டியின் உள்ளமைப்பை இங்கே எழுதப் போவதில்லை. இன்றும் அதை வைத்துச் சம்பாதிக்கும் குழுக்கள் ஊர் ஊராக இருக்கின்றன.

கோல்டினுக்கு நேர்ந்தது இந்தத் தொழிலில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. மற்றவர்கள் காப்பியடிப்பதைத் தடுக்க அவர் 1923-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். காப்புரிமைக்கு விலை ஒன்று உண்டு: பொருள் எப்படி இயங்குகிறது என்று படத்தோடு அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பத்து ஆண்டு கழித்து கேமல் சிகரெட் கம்பெனி, மேஜிக் ரகசியங்களை வெளியிடும் விளம்பர வரிசை ஒன்றை ஓட்டியது, அதில் அறுக்கும் வித்தையும் வந்தது. கோல்டின் வழக்குப் போட்டார். 1938-இல் தோற்றார். நீங்களே பதிவு செய்து ஊருக்குக் கொடுத்ததை ரகசியம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதிலின் சாரம்.

சட்டம் இன்றும் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. காப்புரிமை எடுத்தால் ரகசியம் போகும், 20 ஆண்டில் உரிமையும் போகும். பதிப்புரிமை யோசனையைக் காக்காது, அதன் வெளிப்பாட்டை மட்டும் காக்கும். டெல்லர் தன்னுடைய ‘நிழல்’ வித்தையை (பூவின் நிழலைக் கத்தியால் வெட்டினால் பூவின் இதழ் உதிரும்) 1983-இல் ஊமைக்கூத்தாகப் பதிவு செய்து வைத்திருந்தார். பின்னாளில் ஒருவர் அதைப் போலவே செய்து யூடியூபில் போட்டு, ரகசியத்தை விற்பதாகவும் அறிவித்தார். 2014-இல் நெவாடா நீதிமன்றம் டெல்லர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் காக்கப்பட்டது நடிப்பின் வரிசைதான், உள்ளே இருக்கும் முறை அல்ல. நம் ஊரில் புது வித்தை கட்டுபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்: பேச்சு, அசைவு, இசை, வரிசை எல்லாவற்றையும் எழுதி, வீடியோவாகவும் எடுத்துப் பதிவு செய்யுங்கள். முறையைக் காக்க, உதவியாளரிடமும் பெட்டி செய்த தச்சரிடமும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். ரகசியம் வெளியே போவது பெரும்பாலும் ரசிகர் வழியாக அல்ல, சண்டை போட்டுக்கொண்டு விலகிய உதவியாளர் வழியாகத்தான்.

தொழில் சங்கங்கள் என்ன சொல்கின்றன? 1905-இல் லண்டனில் தொடங்கிய மேஜிக் சர்க்கிள், வெளியாட்களுக்கு ரகசியத்தைச் சொல்லும் உறுப்பினரை நீக்கும். ஆனால் அதே சங்கத்தில் பெரிய நூலகம் இருக்கிறது, உறுப்பினர்கள் புத்தகம் எழுதுகிறார்கள், வகுப்பு எடுக்கிறார்கள். முரண்போலத் தெரியும், முரண் இல்லை. தேடி வந்து, நேரம் செலவழித்துக் கற்பவருக்குக் கொடுப்பது கற்பித்தல். கேட்காதவர் முன்னால், அதுவும் இன்னொருவர் சற்றுமுன் செய்ததை அவிழ்த்துப் போடுவது அம்பலப்படுத்துதல். சங்க விதிகள் எதிர்ப்பது இரண்டாவதைத்தான்.

அம்பலப்படுத்தலின் பெரிய உதாரணம் 1997-98-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் முகமூடி போட்டுக்கொண்டு வந்த வால் வாலன்டீனோ. பெரிய பெட்டி வித்தைகளை வரிசையாக அவிழ்த்தார். பழைய வித்தைகள் போனால்தான் புதியவை பிறக்கும், சிறுவர்களுக்கும் ஆர்வம் வரும் என்பது அவர் வாதம். பாதி சரி. விமானத்தை மறைக்கிற அளவுக்குப் பணம் உள்ளவர் அடுத்த ஆண்டு வேறொன்றைக் கட்டிக்கொள்வார். ஆனால் கல்யாண மண்டபத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் பத்து ஆண்டாக ஒரே இரண்டு பெட்டிகளோடு போய் வருபவருக்குப் புதுப் பெட்டி என்பது பல மாத வருமானம். ஒளிபரப்பின் லாபம் ஒருவருக்கு, நட்டம் இன்னொருவருக்கு. அதுதான் அந்த நிகழ்ச்சியின் குறை. ரகசியம் புனிதமானது என்பதால் அல்ல.

இந்தக் கணக்கை 1584-லேயே ஒருவர் போட்டுப் பார்த்திருக்கிறார். இங்கிலாந்தில் கிழவிகளைச் சூனியக்காரிகள் என்று தண்டித்துக்கொண்டிருந்த காலம். ரெஜினால்ட் ஸ்காட் என்ற கிராமத்துக் கனவான், சூனியம் என்று நம்பப்படுவதெல்லாம் கைத்தந்திரமும் கற்பனையும் என்று காட்ட ஒரு தடித்த நூல் எழுதினார். உருண்டை, காசு, சீட்டு, வெட்டிய தலை பேசுவது என்று அன்றைய வித்தைகளை எல்லாம் அதில் விளக்கினார். அதைச் செய்யும்போதே, இதை நம்பிப் பிழைக்கும் ஏழை வித்தைக்காரர்களுக்கு இதனால் இடைஞ்சல் வருகிறதே என்று வருத்தமும் தெரிவித்திருக்கிறார். ஆனாலும் எழுதினார். ஒரு பக்கம் உயிர், மறு பக்கம் சில்லறை. எடை எந்தப் பக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, எடைபோட வேண்டியிருந்தது என்பதை மட்டும் அவர் மறைக்கவில்லை.

மேடை வித்தைக்காரரே ‘சொல்லியாக வேண்டும்’ என்ற பக்கத்துக்கு எப்போது வந்து விழுவார்? 1856-இல் பிரெஞ்சு அரசு, பாரிசின் புகழ்பெற்ற மேடை வித்தைக்காரர் ரோபேர்-ஊதேனை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. மராபூத்துகள் எனப்படும் உள்ளூர் முஸ்லிம் சாமியார்களின் அற்புதங்களைவிடப் பிரெஞ்சுக்காரரின் சக்தி பெரிது என்று காட்டுவது நோக்கம். அவரிடம் ஒரு சின்னப் பெட்டி. அடியில் இரும்புத் தகடு, மேடைக்குக் கீழே மின்காந்தம். மின்சாரம் இல்லாதபோது குழந்தைகூடத் தூக்கலாம், பாய்ச்சினால் பயில்வானாலும் அசைக்க முடியாது. பாரிசில் இதே பெட்டி வேடிக்கை. அல்ஜியர்சில் ‘உன் பலத்தை எடுத்துவிட்டேன்’ என்று சொல்லி ஒரு திடகாத்திரமான ஆளை இழுக்கவிட்டு, கைப்பிடியில் மின் அதிர்ச்சியும் கொடுத்தார். ஒரே பெட்டி, ஒரே காந்தம். அங்கே டிக்கெட், இங்கே ஆட்சி. இவை திறமையின் விளைவுதான், சூனியம் அல்ல என்று மொழிபெயர்ப்பாளர்கள் மூலம் பிறகு விளக்கப்பட்டதாக அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதினார். அவருக்கே அந்த விளக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

நம் பக்கம், ஏமாறுபவரிடம் ரகசியத்தை உடைத்துச் சொல்லும் வேலையைச் செய்தவர்களில் இரண்டு பேரைச் சொல்லாமல் விட முடியாது. கேரளத்தின் திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற முடியாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் என்று 1963-இல் சவால் விட்டார். 1978-இல் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009-இல் மறைந்த பி. பிரேமானந்த், தானே மேஜிக் கற்றுக்கொண்டு, சாமியார்களின் வித்தைகளை ஊர் ஊராகச் செய்து காட்டி, உடனே விளக்கியும் காட்டினார். திராவிடர் கழக மேடைகளிலும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் பள்ளி நிகழ்ச்சிகளிலும் ‘மந்திரமா, தந்திரமா’ என்ற பெயரில் இன்றும் இது நடக்கிறது. இங்கே மறைத்துப் பேச ஒன்றுமில்லை, முழுதாகவே சொல்லலாம்.

வெறுங்கையில் விபூதி வருவது: விபூதியைக் கெட்டியான சோற்றுக்கஞ்சியில் பிசைந்து கொண்டைக்கடலை அளவு உருட்டி, நன்றாகக் காயவிட வேண்டும். உருண்டை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள மடிப்பில் உட்காரும். உள்ளங்கை கீழே பார்த்தபடி, மற்ற விரல்கள் விரிந்தபடி இருந்தால் கை வெறுமையாகத் தெரியும். காற்றில் வட்டம் போடும்போது உருண்டையை விரல் நுனிக்கு நகர்த்தி நசுக்கினால் பொடி கொட்டும். கஞ்சி அதிகமானால் கல்லாகிவிடும், நசுங்காது. குறைந்தால் வியர்வையில் முன்கூட்டியே உதிர்ந்து கை வெளுத்துவிடும். வட்டம் போடுவது அருளுக்காக அல்ல, உருண்டை நகர்வதை மறைக்க.

எலுமிச்சையில் ‘ரத்தம்’: செம்பருத்தி இதழைக் கத்தியில் அழுத்தித் தேய்த்து உலரவிட்டால் லேசான கருநீலக் கறைதான் தெரியும். பழத்தின் அமிலம் பட்டதும் சிவப்பாகும். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பார்த்துப் பழகிய வீட்டில் இதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

யாகத்தில் தீ தானாகப் பிடிப்பது: சுள்ளிக்கு அடியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட், மேலே ஊற்றும் ‘நெய்’ உண்மையில் கிளிசரின். கலந்ததும் உடனே பற்றாது. தூள் எவ்வளவு மெல்லியது, அன்றைய வெப்பம் எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சில நொடி முதல் அரை நிமிடம்கூட ஆகும். அந்த இடைவெளியில்தான் மந்திரம். பற்றவில்லை என்று குனிந்து பார்ப்பதுதான் இதில் நடக்கும் பெரிய விபத்து. பள்ளியில் செய்தால் கால் டீஸ்பூன் தூளும் நான்கைந்து சொட்டும் போதும், பெரியவர் மட்டும் செய்ய வேண்டும், பக்கத்தில் மணல் வாளி வேண்டும். பாதரச உப்பைத் தடவி அலுமினியக் காசைச் சூடாக்கிச் சாம்பலாக்கும் வித்தையையோ யாருக்கும் செய்து காட்டவே கூடாது. அது கொடிய விஷம். வாயால் விளக்கினால் போதும்.

முதுகில் கொக்கி மாட்டிக் கார் இழுப்பது இன்னும் எளிய கணக்கு. சமதளச் சாலையில் சக்கரம் உருளத் தேவையான விசை, வண்டியின் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். 1000 கிலோ கார் என்றால் 10 முதல் 15 கிலோ எடையைத் தூக்கும் விசை. அது இரண்டு நான்கு கொக்கிகளில் பிரிகிறது, முதுகுத் தோல் தடித்தது, தாங்கிக்கொள்ளும். கயிறு திடீரென்று சுண்டப்படும்போதும் ஏற்றத்திலும்தான் தோல் கிழியும். ஊர்வலத்தில் முதலில் நாலு பேர் காரைத் தள்ளிவிட்டு நகர்த்துவது இதனால்தான். பூமிதியில், கரி வெப்பத்தை மெதுவாகக் கடத்தும், கால் படும் நேரமோ மிகக் குறைவு. நின்றாலோ, ஓடினால் விரல் புதைந்தாலோ, குழியில் ஆணி போன்ற இரும்புத் துண்டு கிடந்தாலோ சுடும். பக்தர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. அவர் உண்மையிலேயே நடக்கிறார், நம்பாதவரும் நடக்கலாம் என்பது மட்டுமே காட்டப்படுகிறது. இந்த வேறுபாட்டை மறந்து கேலியாகப் பேசும் மேடைகள், சொல்ல வந்ததையே கெடுத்துக்கொள்கின்றன.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. ‘இதை இப்படியும் செய்யலாம்’ என்று காட்டிவிட்டு, ‘அவர் இப்படித்தான் செய்தார்’ என்று தாவிவிடுவது. ஒரு வித்தைக்கு ஐந்து முறைகள் இருக்கலாம். நீங்கள் காட்டிய முறை அவர் செய்த முறை இல்லை என்று நிரூபித்துவிட்டால் கூட்டம் அவர் பக்கம் போய்விடும். ‘அற்புதம் தேவைப்படாமலே இது நடக்கும்’ என்ற இடத்தில் நின்றுகொள்ளுங்கள். அதற்குமேல் வேண்டுமானால் சோதனை வையுங்கள். 1973-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கரண்டி வளைக்கும் யூரி கெல்லர் வந்தபோது, போலி அற்புதங்களை அம்பலப்படுத்தி வந்த மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் யோசனைப்படி நிகழ்ச்சிக் குழு தங்கள் பொருட்களையே வைத்து, கெல்லரின் ஆட்களை முன்கூட்டி அவற்றின் அருகே விடவில்லை. கெல்லரால் அன்று எதுவும் செய்ய முடியவில்லை. எந்த ரகசியமும் வெளியிடப்படவில்லை, தேவைப்படவும் இல்லை.

இதே சோதனை முறை நம் ஊரில் உடனடியாகத் தேவைப்பட்ட இடம் ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’ வகுப்புகள். நடுமூளையைத் தூண்டிவிட்டால் கண் இல்லாமலே பார்க்கலாம் என்று சொல்லி, குழந்தையின் கண்ணைக் கட்டிவிட்டு அட்டையின் நிறம் சொல்ல, புத்தகம் வாசிக்கச் சொல்வார்கள். பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் கட்டணம். இது மேடை மேஜிக்கின் மிகப் பழைய கள்ளப்பார்வைத் தந்திரம். கண்ணை எப்படிக் கட்டினாலும் மூக்கின் இரு பக்கமும் கீழ்நோக்கி ஓர் இடுக்கு இருக்கும். மங்களூரின் நரேந்திர நாயக் போன்றவர்கள் இதைப் பல இடங்களில் வெளிக்காட்டியிருக்கிறார்கள். நீங்களே பார்க்கலாம். அட்டையைக் குழந்தையின் மடியில் வைக்காமல் நெற்றிக்கு நேராக மேலே பிடியுங்கள். அல்லது கழுத்தைச் சுற்றிப் பெரிய அட்டைக் காலர் போட்டு, அதற்குக் கீழே புத்தகத்தை வையுங்கள். அல்லது விளக்கை அணைத்துவிடுங்கள். மூளை பார்க்கிறது என்றால் இருட்டு தடையில்லையே. வாசிப்பு நின்றுவிடும். ‘எதிர்மறை அலை’, ‘குழந்தை களைப்பாக இருக்கிறது’ என்று காரணம் வரும். எல்லோர் முன்னாலும் குழந்தையைத் திருடனைப் பிடிப்பதுபோல் பிடிக்காதீர்கள். பல குழந்தைகள் தாங்கள் எட்டிப் பார்ப்பதைச் சொன்னால் அப்பா அம்மா வருத்தப்படுவார்கள் என்று பயந்தே தொடர்கிறார்கள். தனியாகக் கேளுங்கள்.

மேடையிலேயே நடக்கும் ஒரு நுட்பமான பொய்யும் உண்டு: போலி விளக்கம். மனதைப் படிப்பதாகக் காட்டும் மென்டலிஸ்டுகள் சிலர், ‘என்னிடம் தெய்வ சக்தி இல்லை, உங்கள் முகத்தசை அசைவையும் உளவியலையும் வைத்துச் சொல்கிறேன்’ என்பார்கள். உண்மையில் நீங்கள் எழுதிய சீட்டை அவர் எப்போதோ பார்த்திருப்பார். கேட்க நாணயமாக இருக்கிறது, ஆனால் வீட்டுக்குப் போகிறவர் ‘ஆளின் கண்ணைப் பார்த்தால் பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம்’ என்று நம்பிப் போகிறார். அவரே நாளை ஆட்களை வேலைக்கு எடுப்பவராகவோ போலீஸ்காரராகவோ இருக்கலாம். ரகசியத்தைச் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு. தவறான ரகசியத்தைச் சொல்ல உரிமை இல்லை. ‘இது தந்திரம், பல முறைகளைக் கலந்து செய்கிறேன்’ என்ற ஒரு வரி போதும், வித்தையின் சுவையில் துளியும் குறையாது. நிகழ்ச்சிக்குப் பிறகு யாராவது தனியாக வந்து, காணாமல்போன நகையைப் பற்றியோ இறந்த கணவரைப் பற்றியோ கேட்டால், அந்த இடத்தில் ஒரு வரி போதாது. ‘அம்மா, நான் செய்தது சீட்டைப் பார்த்துச் சொல்லும் தந்திரம்’ என்று உடைத்தே சொல்லிவிட வேண்டும்.

மறைத்தலின் ருசி எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும் அல்லவா. 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் வங்காள மேஜிக் கலைஞர் பி. சி. சர்க்கார் 17 வயதுப் பெண் ஒருத்தியை வட்ட ரம்பத்தால் அறுத்தார். எழுப்பினார், அவள் எழவில்லை. உதவியாளர் அவள் முகத்தைத் துணியால் மூடினார், தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து நிகழ்ச்சியை முடித்துவைத்தார். பெண் செத்துவிட்டாள் என்று நினைத்து மக்கள் பிபிசிக்குத் தொலைபேசியில் அழைத்துத் தள்ளினார்கள். நேரம் முடிந்துவிட்டது என்பதுதான் பிபிசி சொன்ன காரணம். மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் சர்க்கார். அவருடைய லண்டன் காட்சிகள் அரங்கு நிறைந்தன. ரம்பம் எப்படி வேலை செய்தது என்று அன்றிரவே விளக்கியிருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது. பார்த்தவர் யாருக்கும் கடைசியில் நட்டமும் இல்லை, ஓர் இரவுப் பதற்றத்தைத் தவிர.

அதேபோல, ரகசியம் வெளிவந்தும் வித்தை சாகாமல் இருப்பதற்கு மதராஸிலிருந்தே ஓர் உதாரணம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேஷால் என்று ஐரோப்பியர் எழுதிவைத்த ஒருவர், ஒரு கையைக் கோலின்மேல் வைத்தபடி அந்தரத்தில் உட்கார்ந்து காட்டினார். தயாராகும்போது முன்னால் கம்பளியைப் பிடித்துக்கொள்வார்கள், எடுத்தால் ஆள் காற்றில் இருப்பார். மூங்கிலுக்குள் இரும்புக் கம்பி, கைக்கு அடியில் சுருட்டிய மான்தோலுக்குள் அது வளைந்து சட்டைக் கைக்குள் ஏறி, உடலைத் தாங்கும் இருக்கையோடு சேர்கிறது என்ற விளக்கம் பின்னால் அச்சிலேயே வந்துவிட்டது. இருநூறு ஆண்டு ஆகப் போகிறது. ஐரோப்பியச் சுற்றுலாத் தெருக்களில் காவி கட்டிய ‘மிதக்கும் யோகிகள்’ இன்றும் அதே கம்பியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், முன்னால் உள்ள தொப்பியில் காசும் விழுகிறது. பார்ப்பவரில் பாதிப் பேருக்கு முறை தெரியும். அதை ஒரு கோலமாக ரசிக்கிறார்கள்.

ஆக, நடைமுறையில் தொழில் செய்பவர் எதைச் சொல்லலாம்? தானே உருவாக்கியதைத் தாராளமாக. நூற்றாண்டு பழைய, குழந்தைகளின் மேஜிக் பெட்டியிலேயே வரும் வித்தைகளை, கற்க விரும்புபவருக்கு. காசு கொடுத்து வாங்கிய வித்தையைச் செய்யத்தான் உரிமை, விளக்கி வீடியோ போட இல்லை. அதற்கு உருவாக்கியவரிடம் கேட்க வேண்டும். சக கலைஞர் அதே ஊரில் அதே வாரம் செய்வதை எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது. எந்த வித்தையை யாராவது கடவுள், பில்லிசூனியம், நோய் குணமாக்கல் என்று சொல்லிப் பணம் பறிக்கப் பயன்படுத்துகிறாரோ, அந்த வித்தைக்கு மட்டும் இந்த விதிகள் எதுவும் பொருந்தாது. அது நேற்று கண்டுபிடித்ததாக இருந்தாலும் சரி. ஆனால் அதைச் செய்வதில் ஆபத்து உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். மராட்டியத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டத்துக்காகப் போராடிய டாக்டர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. சிறு ஊரில் தனி ஆளாகப் போய் ஒரு சாமியாரை அம்பலப்படுத்தாதீர்கள். அமைப்போடு போங்கள், பெயர் சொல்லாமல் முறையை மட்டும் காட்டுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ‘அங்கிள், எப்படி?’ என்று சட்டையைப் பிடித்து இழுக்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது? ‘ரகசியம்’ என்று விரட்டினால் ஒரு ரசிகர் போகிறார், மேடையில் செய்ததையே சொன்னால் நாளைய காட்சி போகிறது. அதற்கென்றே சட்டைப் பையில் ரப்பர் பேண்டு வைத்திருப்பது நல்லது. மெல்லிய, சுமாரான அளவு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் அடியில் மாட்டுங்கள். கையை முட்டியாக மூடும்போது, மறுகையால் உள்ளங்கைப் பக்கம் பேண்டை இழுத்து, நான்கு விரல் நுனிகளையும் அதற்குள் நுழைத்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முதல் இரண்டு விரலில் மட்டுமே இருப்பதாகத் தெரியும். கையைச் சட்டென்று விரித்தால் பேண்டு மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தாவிவிடும். உள்ளங்கையை யாருக்கும் காட்டக் கூடாது, பேண்டு தடிமனாக இருந்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும். பிள்ளையின் விரலிலேயே மாட்டி, அது தாவும்வரை கூட நின்று, பேண்டை அவனிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.